டாமரிஸ் லெட்பெட்டர் எந்த மாவட்டம்?

டாமரிஸ் லெட்பெட்டர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் வீடு மாறினாள். அதுவும் கல்யாணமாகி, கரடி ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம். தாய்வீட்டில் சமைத்தால் வாசனை இங்கே வரும், அவ்வளவு தூரம். அப்படிப்பட்டவள் நான்கு மாவட்டங்களில் குடியிருந்தவள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள். மாவட்டங்கள்தான் வந்து போய்க்கொண்டிருந்தன.

அவள் பிறந்தபோது வட கரோலினாவின் அந்த மூலை, கிழக்கே உப்பங்கழியில் தொடங்கிய ஒரு மகா பெரிய மாவட்டத்தைச் சேர்ந்தது. மேற்கே எதுவரை என்று கேட்டால், "ஆள் இருக்கிறவரைக்கும்" என்பார்கள். இங்கிலாந்து ராஜா ஒருவர் இந்தத் தேசம் முழுவதையும் தன் நண்பர்கள் எட்டுப் பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார். பின்னால் ஏழு பங்கு ராஜா வீட்டுக்கே விலைக்குத் திரும்பிப் போயிற்று. எட்டாவது பங்குக்காரர் மட்டும் விற்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். அந்தப் பிடிவாதக்காரரின் பங்கில்தான் கரடி ஓடை ஓடியது. மகராசன் ஒரு நாள்கூட வந்து எட்டிப் பார்க்கவில்லை. அவருடைய ஏஜெண்டு வந்தான், டாமரிஸின் புருஷன் ஐசக்குக்கு ஓடையை ஒட்டி நீளவாக்கில் நூற்றுப்பத்து ஏக்கருக்கு ஒரு காகிதம் கொடுத்தான், போனான்.

பெரிய மாவட்டத்தை வெட்டி இரண்டாவது மாவட்டம் செய்த வருடம் அவளுக்குக் கல்யாணம். அதையும் வெட்டி மூன்றாவது செய்து, லண்டனில் இருந்த ஏதோ மந்திரியின் நினைவாக பெல்கிரேவ் என்று பெயர் வைத்தபோது அவள் மூன்று பிள்ளைகளைப் புதைத்திருந்தாள். பெல்கிரேவ் நீதிமன்றத்தில்தான் பைபிள்மேல் கை வைத்து மருத்துவச்சியாகச் சத்தியம் செய்தாள். பிறகு ராஜாவோடு சண்டை வந்தது. மந்திரியின் பெயரைச் சொன்னாலே ஆட்கள் காறித் துப்பினார்கள். புதிய சட்டசபை பெல்கிரேவ் என்ற பெயரையே ஒழித்து, மாவட்டத்தை நடுவில் கிழித்தது. வடக்கே ஹார்லோ, தெற்கே பிரெண்ட். இரண்டும் போரில் செத்த தளபதிகளின் பெயர். கோடு கரடி ஓடைப் பக்கமாகப் போகிறது என்றார்கள். பக்கம் என்றால் எந்தப் பக்கம்? அங்கேதான் டாமரிஸின் குழப்பம் ஆரம்பித்தது.

மருத்துவச்சி எந்த மாவட்டத்தில் சத்தியம் செய்தாளோ அந்த மாவட்ட நீதிமன்றத்தில்தான் அவள் வாக்கு செல்லும். பெல்கிரேவே இல்லையென்றால் அவள் செய்த சத்தியம் என்ன ஆவது? மறுபடி செய்துவிடலாம் என்று ஒரு வியாழக்கிழமை கழுதைமேல் ஏறி ஹார்லோ நீதிமன்றத்துக்குப் போனாள்.

எழுத்தர் காகிதத்தைப் புரட்டினார். "லெட்பெட்டரா? கரடி ஓடையா? நீங்க பிரெண்ட் மாவட்டமாச்சே அத்தை."

"யாரு சொன்னா?"

"இந்தப் பட்டியல்ல உங்க பேரு இல்ல. இங்க இல்லேன்னா அங்கதானே இருக்கணும்?"

பன்னிரண்டு மைல் திரும்பி வந்து, மறுவாரம் தெற்கே பதினான்கு மைல் போனாள். பிரெண்ட் எழுத்தர் அவள் சொன்னதை முழுதாகக் கேட்கக்கூட இல்லை.

"அத்தை, நீங்க ஹார்லோ."

"ஹார்லோக்காரன் பிரெண்டுங்கிறான்!"

"அவன் அப்படித்தான் சொல்லுவான். எங்க பட்டியல்ல உங்க பேரு இல்லியே."

"ஏன்டாப்பா, நான் உசுரோட இருக்கேனா, இல்ல அதுக்கும் ஒரு பட்டியல் இருக்கா?"

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கொண்டாடியவர்கள் எழுத்தர்கள். வேலையே இல்லை, வருகிறவர்களை எல்லாம் அடுத்த மாவட்டத்துக்கு அனுப்பினால் போதும்.

அந்த வருடம் ஈஸ்டர் முடிந்து எல்லை நடக்கிற நாள் வந்தது. நாலு வருடத்துக்கு ஒருமுறை அக்கம்பக்கத்தார் கூடி ஒவ்வொருவர் நிலத்தின் ஓரமாகவும் நடப்பார்கள். ஓரத்து மரங்களில் மங்கிப்போன மூன்று வெட்டுகளைக் கோடரியால் புதுப்பிப்பார்கள். மூலைக்கு மூலை பீச் பழச் சாராயம் உண்டு. இப்படி மூன்று தடவை சண்டையில்லாமல் நடந்துவிட்டால் அந்த எல்லையை எந்தக் கொம்பனும் அசைக்க முடியாது. அன்று நல்ல மூடுபனி. மூன்று பேர் வந்திருந்தார்கள். டாமரிஸ் செத்துப்போன ஐசக்கின் பழைய கோடரியை எடுத்துக் கொடுத்து, தானும் கூட நடந்தாள். முதல் மூலையிலேயே ஆள் வந்துவிட்டது. ஓடைக்கு அப்பால் ஒருத்திக்கு வலி கண்டிருக்கிறது. கோடரியை அவர்களிடம் விட்டுவிட்டு ஓடினாள்.

அவள் திரும்பி வந்தபோது வேலை முடிந்து, சாராயமும் முடிந்து, மூன்று பேரும் அவள் வீட்டு வாசலில் உருண்டு கிடந்தார்கள். ஒருவன் எழுந்து உட்கார்ந்து சொன்னான்:

"அத்தை, இன்னிக்குப் பாதி வேலைதான். ஒரு பக்கம் எவனோ புண்ணியவான் ஏற்கெனவே மூணு மூணா வெட்டி வெச்சிருக்கான். புத்தம் புதுசு. விட்டுட்டோம். இன்னொரு பக்கம் மட்டும் நாங்க வெட்டினோம்."

அந்தப் புண்ணியவான் வேறு யாருமில்லை, சட்டசபை அனுப்பிய சர்வேயர். மாவட்டக் கோட்டை மரங்களில் குறித்துக்கொண்டே போயிருக்கிறான். அவனும் மூன்று வெட்டு, இவர்களும் மூன்று வெட்டு. இப்போது வீட்டுக்கு வடக்கே ஒரு வரிசை மரங்கள், தெற்கே ஒரு வரிசை. ஒன்று மாவட்ட எல்லை, மற்றது வெறும் பண்ணை எல்லை. வடக்கு வரிசை மாவட்டக் கோடு என்றால் வீடு பிரெண்டில். தெற்கு வரிசை என்றால் ஹார்லோவில். எந்தப் பக்கம் வெட்டினீர்கள் என்று மறுநாள் கேட்டால் ஒருவன் வடக்கு என்றான், இன்னொருவன் தெற்கு என்றான், மூன்றாமவன் தான் அங்கே வரவே இல்லை என்றான். சர்வேயரையே கேட்கலாம் என்றால் அவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் குறிப்பேடும் ஆற்றோடு போயிற்றாம்.

"கடவுளே, என் வீடு எங்க இருக்குன்னு உனக்காவது தெரியுமா?" என்று கேட்டுவிட்டு டாமரிஸ் சோளரொட்டி சுடப் போனாள்.

இதெல்லாம் வேடிக்கையாகவே போயிருக்கும், ஜூலை மாதம் கெசையா வராமலிருந்தால்.

கெசையா பத்தொன்பது வயதுப் பெண். தாய் தகப்பன் இல்லை. தெற்கே ஒரு வீட்டில் நூல் நூற்றுக்கொண்டிருந்தவள். வயிறு தெரிந்ததும் விரட்டிவிட்டார்கள். கல்யாணமாகாத தாயின் பிள்ளை எந்த மாவட்டத்தில் பிறக்கிறதோ அந்த மாவட்டம்தான் அதற்குச் சோறு போட வேண்டும். சோறு போடுகிற மாவட்டத்துக்கு இன்னொரு உரிமையும் உண்டு: பிள்ளை கொஞ்சம் தலையெடுத்ததும் தாயிடமிருந்து பிரித்து, வயது வரும்வரை யாரிடமாவது வேலைக்கு எழுதிக் கொடுத்துவிடலாம். அதனால் இப்படி ஒரு பெண் நடந்து வருகிறாள் என்று தெரிந்தால், ஏழைக் காப்பாளர் என்கிற பெரிய மனிதர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து அவளை எல்லைக்கு அந்தப் புறம் தள்ளிவிடுவார்கள். ஏழையைக் காப்பது என்றால் அவர்கள் அகராதியில் அதுதான்.

டாமரிஸின் வாசலில் கெசையா வந்து விழுந்தது காலை பத்து மணி இருக்கும். பனிக்குடம் உடைந்திருந்தது. பின்னாலேயே பிரெண்ட் மாவட்டத்துக் காப்பாளர் நேதன் பிட்ச்ஃபோர்ட் குதிரையில் வந்தார். சேதி எப்படியோ பறந்து, சற்று நேரத்தில் வடக்கேயிருந்து ஹார்லோ காப்பாளர் ஆம்ப்ரோஸ் டக்கர் ஒரு வண்டியோடு வந்து சேர்ந்தார்.

"பிட்ச்ஃபோர்ட், உங்க ஊர் பொண்ணு. உங்க பக்கமே கூட்டிட்டுப் போயிடுங்க. வண்டி நான் தரேன்" என்றார் டக்கர்.

"இது ஹார்லோ மண்ணு. தெற்கால போய் அந்த மரங்களைப் பாருங்க, மூணு வெட்டு இருக்கு. அதுதான் கோடு."

"வடக்கால மட்டும் இல்லியா மூணு வெட்டு? அதுதான் கோடு. இந்த வீடு பிரெண்ட். அடுப்பு பிரெண்ட். அடுப்புல இருக்கிற சட்டியும் பிரெண்ட்."

உள்ளே கெசையா அலறினாள். டாமரிஸ் வாசலுக்கு வந்தாள். கையெல்லாம் பன்றிக் கொழுப்பு தடவியிருந்தது.

"அத்தை, நீங்களே சொல்லுங்க. உங்க ஆளுங்க வெட்டினது எந்தப் பக்கம்?" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுப்பா. நானே மூணு மாசமா கேட்டுக்கிட்டு அலையறேன்."

"அப்ப அவளை வண்டியில ஏத்துங்க. அங்க போய்ப் பேசிக்கலாம்" என்றார் டக்கர்.

"ஏ ஆம்ப்ரோஸ்! உங்கம்மாவுக்கு வலி வந்தப்ப உன்னை இப்படி வண்டியில போட்டு உருட்டியிருந்தா இன்னிக்கு நீ இங்க நின்னு கோடு பேச மாட்டே. கால் முன்னால வந்தவன் நீ. திருப்பினது இந்தக் கைதான். நகரு!"

கதவைச் சாத்திக் கட்டை போட்டாள். வெளியே இரண்டு பெரிய மனிதர்களும் மரம் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

வலி உச்சத்துக்கு வந்தபோது சட்டப்படி கேட்க வேண்டியதைக் கேட்டாள். மருத்துவச்சி அதைக் கேட்காமல் கை வைக்கக்கூடாது. சாவின் வாசலில் யாரும் பொய் சொல்லமாட்டார்கள் என்று நீதிமன்றத்துக்கு ஒரு நம்பிக்கை. டாமரிஸுக்கும் அதே நம்பிக்கைதான். நாற்பது வருடம் அதை வைத்துத்தான் பிழைத்தாள்.

"அப்பன் யாரு? சொல்லு தாயி. சொன்னாதான் நான் தொட முடியும்."

"காலேப்... காலேப் ஷார்ப்... சார்ல்ஸ்டன் சண்டையில செத்துட்டான் அத்தை."

செத்தவனிடம் பிள்ளைச் செலவுக்கு என்ன ஜாமீன் கேட்பது? டாமரிஸ் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள். பெண் குழந்தை. லெட்டிஸ் என்று பெயர் வைத்து, லெட்டி என்று கூப்பிட்டார்கள். குழந்தையின் முதல் அழுகை கேட்டதும் வெளியே இருவரும் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, "எங்களது இல்லை", "எங்களதும் இல்லை" என்று ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். தகப்பன் பெயரைப் பதிய டாமரிஸ் இரண்டு நீதிமன்றத்துக்கும் போனாள். இரண்டும் அடுத்ததைக் காட்டின. அந்தப் பெயர் அவள் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது.

கெசையா அந்த வீட்டிலேயே இருந்துவிட்டாள். நூல் நூற்றாள், மாடு கறந்தாள். லெட்டி தவழ்ந்தாள், நடந்தாள், கோழிகளைத் துரத்தினாள். மூன்று பிள்ளைகளைப் புதைத்த வீட்டில் ஒரு பிள்ளை ஓடுவதைப் பார்த்து டாமரிஸுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் பயமும் கலந்திருந்தது. எந்த மாவட்டமும் வேண்டாம் என்று விட்ட பிள்ளை. ஆனால் எத்தனை நாளைக்கு வேண்டாமென்பார்கள்?

ஐந்து வருடம்தான். லெட்டிக்கு ஐந்து வயதானபோது புகையிலை விலை ஏறியது. புகையிலையில் புழு பொறுக்கச் சின்னக் கைகள் வேண்டும். கோடைக்கு முன்னால் ஒரு நாள் பிட்ச்ஃபோர்ட் வழியில் குதிரையை நிறுத்தி, லெட்டியின் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார்.

"நல்ல கை. இந்தப் பொண்ணு பிரெண்ட் மாவட்டத்தில பொறந்தவ இல்ல?"

"அன்னிக்கு ஹார்லோன்னு சொன்னீங்களே ஐயா" என்றாள் கெசையா. பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு மரத்தைச் சரியாப் பார்க்கல."

நாலு நாள் கழித்து டக்கரும் வந்தார். யோசித்துப் பார்த்தால் தெற்கு வரிசைதான் கோடு என்று தனக்கு ஆரம்பத்திலிருந்தே தோன்றியதாகச் சொன்னார். ஆக, பிள்ளை பாரமாயிருந்தபோது வீடு அடுத்தவன் மாவட்டத்தில் இருந்தது. பிள்ளை வேலைக்கு ஆனதும் வீடு நகர்ந்து தங்கள் மாவட்டத்துக்குள் வந்துவிட்டது. டாமரிஸுக்குத் தலை சுற்றியது. இந்த மரங்கள் ராத்திரியில் எழுந்து நடக்கின்றனவா என்றுகூட நினைத்தாள்.

வழக்கு முற்றி, கவர்னர் ஒரு கமிஷனரை அனுப்பினார். ஜூன் முதல் வாரம் விசாரணை. எல்லை நடந்த மூன்று பேரில் ஒருவன் செத்துவிட்டான், இரண்டு பேர் மலைக்கு அப்பால் குடிபெயர்ந்துவிட்டார்கள். மிச்சமிருந்த ஒரே சாட்சி டாமரிஸ். கூடவே ஓலை வந்தது: அந்தப் பழைய எட்டாவது பங்குக்காரரின் நிலமெல்லாம் இப்போது அரசாங்கத்துக்கு, குடியிருக்கிறவர்கள் தங்கள் மாவட்டப் பதிவாளரிடம் வந்து எழுதிக்கொண்டால் நிலம் அவர்களுக்கு. எழுதாவிட்டால் உரிமையில்லை. மாவட்டம் தெரிந்தால்தானே எழுதுவது?

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு டாமரிஸ் அடுப்புக்குப் பைன் கட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். ஐசக்கின் கோடரிதான். வெட்டின முகத்தில் ஒரு மெல்லிய வரி மேடாக ஓடியது. இன்னொரு கட்டையில் வெட்டினாள். அதிலும் வரி. கோடரியின் அலகைத் தடவிப் பார்த்தாள். நடுவில் அரிசியளவு ஒரு பொக்கை. ஐசக் கல்லில் போட்டு உடைத்தது. பத்து வருடமாக அப்படியேதான் இருக்கிறது.

கோடரியைப் போட்டுவிட்டு வடக்கு வரிசைக்கு நடந்தாள். பட்டை சுருண்டு மூடிக்கொண்டிருந்த வெட்டுக்குள் விரலை விட்டாள். வரி இருந்தது. அடுத்த மரத்தில் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. தெற்கு வரிசைக்குப் போனாள். ஒவ்வொரு வெட்டும் வெண்ணெயில் கத்தி போட்ட மாதிரி வழவழவென்றிருந்தது. அது சர்வேயரின் கோடரி.

தெற்கு வரிசைதான் மாவட்டக் கோடு. வீடு ஹார்லோவில்.

இத்தனை வருடம் தேடிய பதில் விரல் நுனியில் கிடைத்துவிட்டது. அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்தாள். சந்தோஷப்பட வேண்டுமா? நிலம் அவள் பெயருக்கு வரும். சத்தியம் ஹார்லோவில் செல்லும். எல்லாம் நேராகும். லெட்டி டக்கரின் புகையிலைக் காட்டுக்குப் போவாள், பதினெட்டு வயதுவரை. டாமரிஸுக்கு முதன்முறையாக எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. தெளிவு இவ்வளவு கெட்டது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இரண்டு மாவட்டத்தாரும் ஒருவர் நீதிமன்றப் படியை மற்றவர் மிதிக்கமாட்டோம் என்றதால், விசாரணை ஒரு சத்திரத்து முற்றத்தில் நடந்தது. கமிஷனர் நடுவில். இடதுபுறம் பிட்ச்ஃபோர்ட், வலதுபுறம் டக்கர். ஓரத்தில் நிலப் பதிவாளர், பேனாவோடு. கெசையா லெட்டியை இடுப்பில் தூக்கிவைத்திருந்தாள். ஐந்து வயதுப் பிள்ளையை யாரும் அப்படித் தூக்கிக்கொண்டு நிற்கமாட்டார்கள்.

கமிஷனர் பைபிளை நீட்டினார். டாமரிஸ் கை வைத்தாள்.

"அம்மா, நீங்க எத்தனை பிரசவம் பார்த்திருப்பீங்க?"

"முந்நூறுக்கு மேல ஐயா."

"உங்க வார்த்தையை ஒரு நீதிமன்றமாவது தள்ளியிருக்கா?"

"இல்லீங்க."

"இன்னிக்கும் தள்ள மாட்டோம். நீங்க சொல்றதுதான் கோடு. வடக்கு வரிசையா, தெற்கு வரிசையா? உங்க ஆளுங்க எதை வெட்டினாங்க?"

டக்கர் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "சொல்லிடுங்க அத்தை. சொன்னீங்கன்னா நிலம் இப்பவே உங்க பேருக்கு. இதோ பதிவாளர் எழுதக் காத்திருக்கார்."

பதிவாளர் பேனாவை மையில் தோய்த்தார்.

டாமரிஸ் தன் வலது ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். வெட்டுக்குள் விட்டபோது ஒட்டிய மரப் பிசின் இன்னும் முழுதாகப் போகவில்லை. அதே கைதான் பைபிள்மேல் இருந்தது.

"எனக்குத் தெரியாது ஐயா" என்றாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நிலம் போயிடும்."

"பனி மூடியிருந்தது. நான் பிரசவத்துக்குப் போயிட்டேன். தெரியாது."

கமிஷனர் இருபுறமும் பார்த்தார். இரண்டு மாவட்டமும் சேர்ந்து புதுச் சர்வேக்குப் பணம் கொடுப்பீர்களா என்று கேட்டார். அவர் ஏன் கொடுக்கக்கூடாது என்று பிட்ச்ஃபோர்ட் டக்கரைக் காட்டினார், டக்கர் பிட்ச்ஃபோர்டைக் காட்டினார். எல்லை தெரியும்வரை எந்த நீதிமன்றத்துக்கும் அந்த வீட்டுப் பிள்ளைமேல் அதிகாரமில்லை என்று கமிஷனர் எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார். பதிவாளர் பேனாவைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். கெசையா லெட்டியைக் கீழே இறக்கிவிட்டு, நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

அதற்குப் பிறகு டாமரிஸ் ஒன்பது வருடம் இருந்தாள். ஒவ்வொரு வசந்தத்திலும், அறுக்கும்போது இந்த நிலம் யாருடையதாக இருக்குமோ என்று தெரியாமலே சோளம் விதைத்தாள். பிரசவத்துக்குக் கூப்பிட்டால் போனாள். வலியின் உச்சத்தில் அப்பன் யார் என்று கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். பைபிள்மேல் கை வைத்துச் சொன்ன பொய்க்காக அவள் ஒரு நாளும் வருத்தப்படவில்லை. வருத்தம் வரவில்லையே, இது என்ன மாதிரி மனசு என்று மட்டும் அவளுக்குக் கடைசிவரை குழப்பமாகவே இருந்தது.